அறுந்த இடத்திலிருந்து
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் இயற்பியல்)

எங்கள் வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. அது என்னுடையது அன்று. என் அக்கா பிளஸ் டூ படித்ததற்காக அரசு கொடுத்தது. 2017-இல் அவள் எடுத்த மதிப்பெண் 1,200-க்கு 1,062. நான் எடுத்ததை இங்கே எழுத விருப்பமில்லை. அந்த ஆண்டுதான் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தார். “ஒரு வருஷம் போய்ட்டு வர்றேம்மா” என்று பக்கத்து நூற்பாலைக்குப் போனவள் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். கல்லூரி விண்ணப்பத்தில் ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்ற கட்டத்தில் நான் குறியிட்டபோது அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

சென்ற பருவத்தில் எனக்கு ஒரு கணக்கு வந்தது. ஒரு சதுர உலோகத் தகடு. ஒரு விளிம்பு 100 டிகிரி, மற்ற மூன்றும் 0. வெப்பநிலை நிலைத்தபின் தகட்டின் உள்ளே எங்கெங்கே எவ்வளவு? ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு புள்ளிகளின் சராசரியாகும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். பக்கத்துக்கு 101 புள்ளிகள். ஆக 10,201 எண்கள். அத்தனை எண்களைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும்? அவற்றை வண்ணப் படமாக்க ‘பாராவியூ’ என்ற மென்பொருளைப் பேராசிரியர் சொன்னார். “தயாராகக் கிடைப்பதை நிறுவினால் கொஞ்ச நேர வேலை. துணிவிருந்தால் மூல நிரலிலிருந்து கட்டிப் பார்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மாட்டிக்கொண்டேன்.

பிற துறை நண்பர்களுக்காக ஒரு சொல். மூல நிரல் என்பது மனிதர் எழுதியது. தொகுப்பி என்னும் நிரல் அதை இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றித் தரும். பாராவியூ 2000-இல் கிட்வேர் நிறுவனமும் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகமும் கூடித் தொடங்கியது. ஒரு கணினிக்குள் அடங்காத தரவுகளைப் பல கணினிகளுக்குப் பங்கிட்டுப் படமாக்க வல்லது. அதைத்தான் 4 ஜி.பி. நினைவகத்தில் கட்டப் புறப்பட்டேன்!

பாராவியூ தனியே நிற்பதில்லை. அதன் அடியில் ‘விடிகே’ இருக்கிறது. 1993-இல் மூவர் எழுதிய பாடநூலுக்குத் துணையாகப் பிறந்தது. அதற்கும் அடியில் படம் வரையும் ‘ஓப்பன்ஜிஎல்’. எதை எந்த வரிசையில் கட்டுவது என்று வகுத்துக் கொடுக்க ‘சிமேக்’. இது எதுவும் அன்று எனக்குத் தெரியாது. மூல நிரலை இறக்கிப் பார்த்தால், விடிகே என்ற கோப்புறை இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. உட்பகுதிகளையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அடுத்து, “உன் சிமேக் பழையது” என்றது. முதலில் சிமேக்கைக் கட்டினேன். அது ஒரு வேடிக்கை: தொகுப்பி மட்டும் இருந்தால் போதும், சிமேக் தன்னைத்தானே கட்டிக்கொள்கிறது. ஜன்னலும் பொத்தானும் தரும் ‘க்யூட்’ இந்தக் கணினிக்குப் பெருஞ்சுமை. அதை விலக்கிவிட்டு, பைதான் வழியே படம் எடுக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரே நேரத்தில் நான்கு கோப்புகளைத் தொகுக்கச் சொல்லி ஓட விட்டேன். 41 விழுக்காட்டில் நின்றது. நினைவகம் போதாமல் இயங்குதளமே தொகுப்பியைக் கொன்றுவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். மறுநாள் 38. அதற்கு மறுநாள் 44. மூன்று இரவுகள். மின்விசிறியையும் கணினிப் பக்கமே திருப்பி வைத்திருந்ததால் அம்மா வேர்வையில் புரண்டார். கருத்தரங்குக்கு ஐந்து நாள் இருந்தது.

நான்காம் நாள் விடியலில் இரவு ஷிப்ட் முடித்து அக்கா வந்தாள். தலையில் பஞ்சுத் தூசு. அழிக்கும் கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, மறுபடி அறுந்துபோச்சா?”

“ஆமாக்கா. மொதல்ல இருந்து ஓட்டணும்.”

“ஏன்டா? எங்க மில்லுல இழை அறுந்தா அந்தக் கதிர்லதான் ஒட்டுப் போடுவோம். ஓடினவரைக்கும் சுத்துன நூலைத் தூக்கியா போடுவோம்?”

அவள் பல் துலக்கப் போய்விட்டாள். என் விரல் அந்தரத்தில் நின்றது. கட்டளையை அழித்தேன். நான்கை ஒன்றாக்கி, நின்ற இடத்திலிருந்தே ஓட விட்டேன். முடிந்த கோப்புகளை அது தொடவே இல்லை! 44-இலிருந்தே எண்ணத் தொடங்கியது. அந்த ஏற்பாடு உருவானதே அதற்காகத்தான். பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறேன்.

மறுநாள் மாலை நூறைத் தொட்டது. தகட்டின் படம் வந்தது: சூடான விளிம்பில் செந்நிறம், உள்ளே போகப் போக மங்கி, மூன்று ஓரங்களில் நீலம். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுடைய கணினி அல்லவா? கணக்கையும் சொன்னேன்.

“நடுவுல எவ்வளவு காட்டுது?”

“24.99.”

“இருபத்தஞ்சுதான் வரணும்” என்றாள், செருப்பை மாட்டியபடியே.

“எப்படிக்கா?”

“நாலு பக்கமும் நூறுன்னா நடுவுலயும் நூறு. நாலு பக்கத்துக்கும் நடு ஒரே தூரம். அப்ப ஒரு பக்கத்தோட பங்கு நாலுல ஒண்ணுதானே?”

நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் மில் வண்டி ஹாரன் அடித்தது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அக்கா ஓடினாள்.