கிள்ளானுக்கு ஒரு வினைச்சொல்

1867இல் ராஜா மஹாடி சிலாங்கூரின் கிள்ளானை என்ன செய்தார்? இந்த ஒரு வாக்கியத்துக்கு வினை தேடி, பிரிக்பீல்ட்ஸ் வீட்டு மேசையில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். மலாய் மூலத்தில் இருந்தது 'மெராம்பாஸ்'. சுங்கத்துறை கடத்தல் சிகரெட்டைப் பிடித்தாலும் அதே சொல்தான். ராணுவம் ஆட்சியைப் பிடுங்கினாலும் அதே சொல்தான். தமிழில் அப்படித் தப்ப முடியாது. சட்டம் எடுத்தால் பறிமுதல், சட்டமில்லாமல் எடுத்தால் அபகரிப்பு. மொழிபெயர்க்க உட்கார்ந்தவன் தீர்ப்பும் எழுத வேண்டியதாகிறது.

முதலில் 'அபகரித்தார்' என்றுதான் எழுதினேன். ஆனால் மஹாடியின் தந்தை ராஜா சுலைமான் கிள்ளானை ஆண்டவர். அவருக்குப் பின் அது மகனுக்கு வராமல் ராஜா அப்துல்லாவிடம் போனது. இருவருக்கும் இடையே அபின் வரித் தகராறு முற்றியபோது மஹாடி படையோடு வந்துவிட்டார். அப்துல்லாவைக் கேட்டால், அரசர் கொடுத்தது என்பார். மஹாடியைக் கேட்டால், அப்பன் சொத்து என்பார். 'மீட்டார்' என்றால் நான் ஒரு கட்சி, 'அபகரித்தார்' என்றால் மறு கட்சி. 1870இல் துங்கு குடின் கிள்ளானைப் பிடித்த இடத்தில் என் கை யோசிக்காமல் 'மீட்டார்' என்று எழுதியிருந்தது. சிலாங்கூர் சுல்தானின் மருமகன் அல்லவா! அடித்தேன்.

'வௌவினார்' என்ற பழஞ்சொல்லில் பேராசையின் வாடையே உண்டு. ஆனால் இன்று படிப்பவர் அகராதியைத் தேடுவார். மிஞ்சியது 'கைப்பற்றினார்'. தேர்தலில் வென்ற கட்சியையும் ஆட்சியைக் கைப்பற்றியது என்றுதானே எழுதுகிறோம். முனை மழுங்கிய சொல்.

அண்மை மலேசிய அரசியலிலும் இதே வினைச் சிக்கல்தான். 2020 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயா ஷெரட்டன் ஓட்டலில் ஆட்சி மாற்றத்துக்காகக் கூடிய கூட்டத்துக்கு மறுநாள் பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 1இல் முஹிடின் யாசின் பிரதமரானார். தேர்தல் இல்லை, ஆனால் மாமன்னரின் நியமனம் இருந்தது. எதிர்த்தவர்கள் 'பின்கதவு அரசாங்கம்' என்றார்கள். கெட்டிக்காரத்தனம்தான்: வினையே வேண்டாம், குற்றத்தைக் கதவு சுமந்துகொள்ளும். எனக்கு அந்தக் கதவும் இல்லை.

'கைப்பற்றினார்' என்றே அனுப்பினேன். திருத்துபவர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'யாரிடமிருந்து?' 'அப்துல்லாவின் பொறுப்பில் இருந்த கிள்ளானை' என்று சேர்த்தேன். பொறுப்பா, உரிமையா என்பதில் இன்னொரு மாலை போனது.