பித்தளைக் குழாயும் புளியும்

ஓய்வு பெற்றபின் ஆளுக்கொரு கிறுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடித்தது பழைய பித்தளைத் தொலைநோக்கி. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்கள்; இழுத்தால் நீளும், தள்ளினால் கைப்பைக்குள் அடங்கும். ஒரு காலத்தில் கப்பல்காரர்களும் படை அதிகாரிகளும் கையோடு வைத்திருந்தவை. இதுவரை 4 சேர்த்திருக்கிறேன்.

மழை குறைவு என்பதும் ஒரு காரணமாகத்தான் எங்கள் சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டியும் பட்டாசும் நிலைத்தன. அந்தக் காய்ந்த வானம் எனக்கும் தோது. தீபாவளிப் புகையும் மழைக்காலமும் போனபின், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் குழாயைச் சாய்த்துப் பார்ப்பேன். வியாழன் இருக்கும் மாதமானால், 25 மடங்கு பெரிதாக்கும் குழாயிலேயே அதன் 4 பெரிய நிலாக்கள் புள்ளிகளாகத் தெரியும்.

லண்டனில் ஜான் டாலண்ட் 1758-ல் காப்புரிமை பெற்றது இரட்டை லென்ஸுக்கு. இருவகைக் கண்ணாடியைச் சேர்த்து வைத்ததால், பார்க்கும் பொருளைச் சுற்றி வரும் வண்ணக்கரை பெரிதும் குறைந்தது. அவர் பெயருக்கு இருந்த மதிப்பால் அன்றே போலிகளும் வந்தன. சிலவற்றில் பெயரின் எழுத்தே ஒன்று மாறியிருக்கும்.

போன வருடம் எங்கள் தெருவில் ஒரு அம்மா மஞ்சப்பையோடு வந்தார். கணவர் தவறி ஆறு மாதம். "அண்ணாச்சி, அவுக ஆசையா வாங்குனது. லண்டன்னு போட்டிருக்கு. வித்தா மக காலேஜ் பீசுக்கு ஆகுமா?" என்றார்.

முன்லென்ஸை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணாடியில் விளக்கின் பிம்பம் 2 தெரியும். இரட்டை என்றால் கூடுதலாகத் தெரியும். இதில் 2 தான். ரூர்க்கியில் அழகுக்காகச் செய்து விற்கும் வகை. 1847-ல் அங்கே பொறியியல் கல்லூரி வந்தது. நில அளவைக் கருவிகள் செய்யும் தொழிலும் அந்த ஊரில் வளர்ந்தது. இன்று பழைய மாதிரிப் பித்தளைச் சாமான்களும் செய்கிறார்கள்.

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அதை நம்பிக் கடை கடையாக ஏறுவது அவர்தானே? "பீசுக்கெல்லாம் ஆகாதும்மா, சில நூறு ரூபாய்தான் பெறும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நெலா தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "அப்ப விக்கல" என்று பையில் வைத்துக்கொண்டார். பீசுக்கு வங்கிக் கடன் மனுவை மகளுக்கு நான் எழுதிக் கொடுத்தேன், கிடைத்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். பொறித்த பெயரையும் வருடத்தையும் மட்டும் நம்பாதீர்கள், லென்ஸைப் பாருங்கள். பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், பழைய பூச்சு போய்விடும். பேரப்பிள்ளைகள் கையில் கொடுத்தால், சூரியன் பக்கம் திருப்பக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண் போனால் வராது.