ஃப்ரீ த்ரோவுக்காக ஒரு மலையேற்றம்!

உங்க காலேஜ்ல பேஸ்கட்பால் மேட்ச்னா எத்தனை பேர் பார்க்கப் போவீங்க? எங்க காலேஜ்ல மொத்தமே பதினோரு பேர். கிரிக்கெட்னா கிரவுண்டே நிரம்பும். நாங்க மட்டும் காலி பெயின்ட் டப்பாவும் கையுமா கோர்ட் ஓரத்துல நிப்போம். ஆனா பாஸ், அந்த சுகமே தனி! கிரிக்கெட்ல பேட்ஸ்மேன் முகம் தெரியாது. இங்கே ஆடறவனோட வியர்வை நம்ம சட்டையில தெறிக்கும். நாலடி தூரத்துல நம்ம க்ளாஸ்மேட் எகிறுவான். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோன்னா டப்பா கிழியற வரைக்கும் தட்டணும். நம்மாளுக்குன்னா மூச்சுகூட விடக்கூடாது. அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டி பசங்க மேட்ச் டிக்கெட்டுக்காக 1986-ல இருந்து கூடாரம் போட்டுக் காத்துக் கிடக்கறாங்களாம். நாங்க அட்டெண்டன்ஸையே தியாகம் பண்றோம், அது கணக்குல வராதா?

சரி, கதைக்கு வர்றேன். இன்டர் காலேஜ் மேட்ச். ஸ்கோர் 61-62. நாலு செகண்ட்தான் பாக்கி. எங்க 'சில்வர் ஓக்'குக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. (ஆறடி மூணு அங்குலம், ஊரு வத்தல்மலை. வேற என்ன பேரு வைக்கிறது?) பதினோரு பேரும் மூச்சை அடக்கி நின்னோம். ஒண்ணு ரிங்ல பட்டு வெளியே. இன்னொண்ணும் வெளியே. ஃபைனல் இயர்ல அவனுக்கு அதுதான் கடைசி மேட்ச்.

அன்னிக்கு ராத்திரியே மலைக்குப் போயிட்டான். ஒரு வாரமா ஆளைக் காணோம். போன் போட்டா, 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. ப்ராஜெக்ட் சப்மிஷன் வேற நெருங்குது. அவங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் அவன்தான். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சு பைக் கிளம்பிடுச்சு.

தர்மபுரியில இருந்து வத்தல்மலைக்கு சுமார் 25 கிலோமீட்டர். நீங்க போறதா இருந்தா பெட்ரோலை டவுன்லயே ஃபுல் பண்ணிக்குங்க, ஒரு ஜெர்கினும் எடுத்துக்குங்க. அடிவாரம் தாண்டினதும் ஆரம்பிக்கும் கொண்டை ஊசி வளைவுகள். பின்சீட்ல எண்ணிக்கிட்டே வந்தவன் '24' என்றான். ஷாட் க்ளாக் பைத்தியம், அவனுக்கு எல்லாமே 24 தான்! ரோடு போடறதுக்கு முன்னாடி நோயாளியைக்கூட தூளி கட்டித்தான் இறக்குவாங்களாம். பஸ் ஓட ஆரம்பிச்சதும் சில வருஷத்துக்கு முன்னாலதான்.

மேலே ஏறினா வேற உலகம். சில்வர் ஓக் மரங்கள், அதைச் சுத்திக்கிட்டு ஏறுற மிளகுக் கொடி, நிழல்ல காபிச் செடி. நடுநடுவே சாமை, ராகி வயல். இங்கே வாழற பழங்குடி மக்களுக்கு மலையாளின்னு பேரு. கேரளாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை பாஸ், 'மலையை ஆள்றவங்க'ன்னு அவங்களே பெருமையா சொல்றாங்க. பெரியூர், பால்சிலம்புன்னு விசாரிச்சு விசாரிச்சு அவன் வீட்டைப் பிடிச்சோம்.

"வாங்க கண்ணு, அவன் களத்துல இருக்கான். சோறும் திங்கறதில்ல, பேசறதும் இல்ல"ன்னாங்க அவங்கம்மா. வெல்லம் போட்ட கடுங்காப்பி கையில வந்துச்சு. அவங்க தோட்டத்துக் கொட்டை, வீட்லயே வறுத்து இடிச்சது. நம்ம கேன்டீன் காபியை இனிமே எப்படிக் குடிக்கிறது?

காபி காய வைக்கிற சிமென்ட் களம். ஓரத்துல பலாமரம். அதுல பத்தடி உயரத்துல, அடிப்பாகம் அறுத்த ஒரு பழைய கூடை! 1891-ல ஸ்பிரிங்ஃபீல்டுல ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக் கூடையை மாட்டித்தான் இந்த ஆட்டத்தையே ஆரம்பிச்சார். அந்தக் கூடைக்கு அடி இருந்ததால ஒவ்வொரு கோலுக்கும் பந்தை எடுக்க ஏணி வேணும். எங்காளு அந்த வகையில அட்வான்ஸ்! ப்ளஸ் ஒன் படிக்கும்போதே இதை மாட்டினானாம். பதினைஞ்சு அடியைக் கயித்துல அளந்து கரிக்கோடும் போட்டு வச்சிருக்கான்.

எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "ஏன்டா வந்தீங்க? உங்களை எல்லாம் தோக்க வச்சுட்டேன்."

இந்த இடத்துல நான் ஏதாவது சொல்லணுமே! சென்னைப் பொண்ணு அனிதா பால்துரை இந்தியாவுக்கே கேப்டனா ஆடி, 2021-ல பத்மஸ்ரீ வாங்கின கதையை எல்லாம் வழி நெடுக மனப்பாடம் பண்ணிட்டு வந்திருந்தேன். ஒரு வார்த்தை வரலை. ஷாட் க்ளாக் பயதான் பந்தை எடுத்து அவன்கிட்ட வீசினான். "ரெண்டு ஃப்ரீ த்ரோ பாக்கி இருக்கு மச்சி."

கரிக்கோட்டுல போய் நின்னான். நாங்க பத்துப் பேரும் மூச்சை அடக்கினோம். வேலியோரம் மூணு வாண்டுகளும் அப்படியே நின்னுச்சுங்க. முதல் பந்து, கூடை விளிம்புல பட்டு வெளியே. யாரும் அசையலை. ரெண்டாவதும் வெளியே! பந்து உருண்டு ராகி வயலுக்குள்ளே ஓடிடுச்சு.

"இவன் இங்கயும் இப்படித்தான் கண்ணு, பத்துக்கு நாலுதான் விழும்"னு அவங்கம்மா திண்ணையில இருந்து சொன்னதும், முதல்ல சிரிச்சது அவன்தான். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஆட்டம். நான்கூட ஒண்ணு போட்டேன்னா பார்த்துக்குங்களேன்!

பனி இறங்கறதுக்கு முன்னாடி கிளம்பிடணும், இல்லேன்னா வளைவுகள்ல ரோடே தெரியாது. அஞ்சு பைக்கு, வரும்போது பத்துப் பேர். இறங்கும்போது ஒண்ணுல மட்டும் ட்ரிப்பிள்ஸ். தப்புதான். மே மாசம் பெரியகுளம் டோர்னமென்ட்டுக்கு பஸ்லயே போறதா முடிவு பண்ணியிருக்கோம், பதினோரு பேரா இல்ல... பன்னெண்டு பேரா. இனிமே டப்பா தட்ட அவனும் உண்டு.