கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டிய பாடம்

பூவரசு இலையைச் சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி, உதட்டில் வைத்து ஊதினால் பீப்பீ தயார். ராமநாதபுரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சின்ன இலை கீச்சென்று கத்தும். பெரிய இலையை நீளமாகச் சுருட்டினால் குரல் தடித்து இறங்கும். எந்த இலை எந்தக் குரல் தரும் என்று ஐந்து வயதிலேயே அவர்களுக்குத் தெரியும். அதே பிள்ளை நடுநிலைப் பள்ளிக்கு வந்து, அதே விஷயத்தை ‘அதிர்வெண்’ என்ற பெயரில் சந்திக்கும்போது திணறுகிறது. கையில் இருந்த அறிவு வேறு, கரும்பலகையில் எழுதப்படுவது வேறு என்று அது முடிவுகட்டிவிடுகிறது.

பரமக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற நயினார்கோவில் போன்ற ஊரில் இந்த இடைவெளியை மூடுவது கடினமில்லை. கண்மாயும் கருவேலமும் மிளகாய்க் காடுமான பூமி அது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் விளைகிற வட்டாரம். களத்தில் காய்ந்த முண்டு மிளகாயைக் காதருகே ஆட்டிப் பார்த்தால் விதை சலசலக்கும். ஈரம் மிச்சமிருந்தால் அந்தச் சலசலப்பு வராது. விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு ஒலி என்பது ஏற்கெனவே ஒரு சோதனைக் கருவி. அதை வகுப்பறைக்குள் அனுமதிப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை.

பறையை எடுத்துக்கொள்ளலாம். அடிப்பதற்கு முன் கூளத்தைக் கொளுத்தி அதன் தோலைச் சூடு காட்டுகிறார்கள். ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, இறுகிய தோல் வேகமாக அதிர்கிறது, சுருதி ஏறுகிறது. இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும் என்ற விதி, தீ மூட்டி நிரூபிக்கப்படுகிற இடம் இது. மதுரை போகிற சாலையில் இருக்கும் மானாமதுரை, கடத்துக்குப் பேர்போன ஊர். ஒரு கடத்தின் சுருதி பெரும்பாலும் சூளையிலேயே முடிவாகிவிடுவதால், கடம் வாசிப்பவர்கள் கச்சேரிக்குத் தகுந்தபடி வெவ்வேறு கடங்களை வைத்துக்கொள்கிறார்கள். அதன் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் வாசிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்றின் குரல் மாறுவதைப் பிள்ளைகள் ஒரு சாதாரணப் பானையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

சி.வி. ராமனும் இப்படித்தான் ஒரு கருவியைக் கூர்ந்து கேட்டார். வெறும் தோல் கட்டிய மேளத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால்தான் பல நாட்டு மேளங்களில் தாளம் கேட்கும், தெளிவான சுருதி கேட்காது. மிருதங்கத்தின் நடுவில் பூசுகிற கருப்புச் சாதம் தோலுக்குக் கூடுதல் எடை தந்து, மேற்சுரங்களை அடிப்படைச் சுரத்தின் முழு மடங்குகளாக வரிசைப்படுத்துகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். சோற்றையும் கல்பொடியையும் பிசைந்து பூசிய கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் காதால் கண்டுபிடித்ததை இயற்பியல் ஒத்துக்கொண்ட தருணம் அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கதை சொல்லப்பட வேண்டும்.

ஒலி எப்படிப் பயணம் செய்கிறது என்ற இடத்தில்தான் பெரிய குழப்பம் காத்திருக்கிறது. “சார், ஒலி அலைன்னா கடல் அலை மாதிரி மேலயும் கீழயும் போகுமா?” என்ற கேள்வி கடலோர மாவட்டத்தில் வராமல் இருக்காது. கேள்வியில் தவறில்லை. புத்தகத்தில் வரைந்திருக்கும் வளைகோடு அப்படித்தான் தோன்றுகிறது. அந்தப் படம் காற்றின் அழுத்தம் கூடிக் குறைவதைக் காட்டும் வரைபடம். காற்று அந்த வடிவில் நெளிந்து போவதில்லை. ஒலி போகிற திசையிலேயே முன்னும் பின்னுமாக நெருங்கி விலகுகிறது. இதைப் புரியவைக்கப் பத்துப் பிள்ளைகள் போதும். தோளில் கைவைத்து வரிசையாக நிற்கட்டும். கடைசிப் பிள்ளையை மெல்லத் தள்ளினால், தள்ளல் முன்னால் நிற்பவர் வரை போய்ச் சேரும். யாரும் இடம் மாறியிருக்க மாட்டார்கள். நெட்டலை என்றால் என்ன என்று அதன்பிறகு சொன்னால் போதும்.

இன்னொரு குழப்பம், உரத்த சத்தத்தையும் உயர்ந்த சுருதியையும் ஒன்றாக நினைப்பது. ரப்பர் பேண்டை மெல்லச் சுண்டினாலும் ஓங்கிச் சுண்டினாலும் சுருதி ஏறக்குறைய அதேதான், சத்தம்தான் கூடுகிறது. அதிரும் நீளத்தை மாற்றாமல் இன்னும் இறுக்கிச் சுண்டினால் சுருதி ஏறுகிறது. ஒரு நிமிட வேலை. இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாததால் பத்தாம் வகுப்பு வரை வீச்சும் அதிர்வெண்ணும் குழம்பிக்கொண்டே போகின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழை இந்த மாவட்டத்துக்கு ஆய்வகத்தையே கொண்டுவந்து தருகிறது. மின்னல் தெரிந்ததும் நொடிகளை எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் இடி விழுந்த தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் அடிப்படை. வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்து செய்ய வேண்டிய ஆய்வு இது. 1826-இல் ஜெனிவா ஏரியில் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இரு அறிவியலாளர்கள் இதே உத்தியைத் தண்ணீருக்குப் பயன்படுத்தினார்கள். ஒரு படகில் நீருக்கடியில் மணியை அடித்த கணத்தில் வெடிமருந்து பளிச்சிட்டது. 13 கிலோமீட்டருக்கும் அப்பால் இன்னொரு படகில் இருந்தவர், ஒளியைப் பார்த்ததிலிருந்து குழாய் வழியாக மணியோசையைக் கேட்கும்வரை நேரத்தை அளந்தார். நொடிக்கு 1,435 மீட்டர் என்ற விடை கிடைத்தது. காற்றைவிட நான்கு மடங்கு வேகம். பாக் நீரிணையில் வலையில் விழுகிற கத்தாழை மீன், காற்றுப் பையை ஒட்டிய தசைகளை அதிரவைத்துக் குரல் கொடுக்கும் இனம். கடலுக்குள் அமைதி என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது ஒரு திறப்பு.

ராமேஸ்வரம் கடைகளில் சங்கை எடுத்துக் காதில் வைக்காத பிள்ளை கிடையாது. உள்ளே கேட்பது கடல் என்றுதான் எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். உண்மையில் சுற்றியிருக்கும் சத்தங்களில் சிலவற்றைச் சங்கின் குழிவு ஒத்ததிர்வால் பெருக்கித் தருகிறது. அரவமற்ற அறையில் வைத்துக் கேட்டால் அந்தக் கடல் மங்கிப்போகும். ஒரு டம்ளரையோ சொம்பையோ காதில் கவிழ்த்தாலும் கடல் வரும். நம்பியதைத் தானே சோதித்துப் பார்ப்பது என்ற பழக்கம் இங்கிருந்து தொடங்கலாம்.

தமிழக அரசு 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கிவைத்த ‘வானவில் மன்றம்’ 6 முதல் 8 வரையிலான அரசுப் பள்ளி வகுப்புகளுக்கு இந்த மாதிரி எளிய சோதனைகளைக் கொண்டுபோகிறது. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் ஒலிப் பாடம் இசைக்கவையோடும் எதிரொலியோடும் நின்றுவிட்டால் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி பிள்ளையின் தலைக்குள் இருக்கிறது.

சிரட்டையின் வாயில் பலூன் துண்டை இழுத்துக் கட்டி, மேலே நாலு ரவை தூவி, அருகில் வாய்வைத்து “ஊ” என்று கத்தினால் ரவை குதிக்கும். செவிப்பறையும் இப்படித்தான் அதிர்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உள்ளே கடத்துகின்றன. அங்கவடி உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு; நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். அதற்கப்பால் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா, உள்ளே திரவம், அந்தத் திரவத்தின் அசைவை மின்துடிப்பாக்கி நரம்புக்குத் தரும் மயிர்ச்செல்கள். ஒரு காதில் இவை ஏறக்குறைய 15,000. அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. திருவிழாக் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நின்று ஆடுவதும், இயர்போனில் முழு ஒலியில் பாட்டு கேட்பதும் எதைச் செலவழிக்கின்றன என்று இந்த எண்ணைச் சொன்னபிறகுதான் பிள்ளைக்குப் புரியும். திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தப்பிக்கும் வழி தெரியாத எச்சரிக்கை பயத்தை மட்டுமே தரும். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில், வலசை வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று ஊரே பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பறவையின் காதுக்குச் செய்ததைப் பிள்ளையின் காதுக்கும் செய்ய முடியும்.

அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. ராமேஸ்வரத்தில் அவர் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து அது பறக்கும் விதத்தை விளக்கினார். புரிந்ததா என்று கேட்டபோது கலாம் இல்லை என்றார். வேறு பலரும் இல்லை என்றார்கள். ஆசிரியர் கோபப்படாமல் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டினார். புரியவில்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைகளால் முடிந்தது. ஆனால் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு பிள்ளையால் சொல்ல முடியாது. மற்றவர்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அதற்குத் தெரியாது. தனக்குக் கேட்பதுதான் உலகம் என்று உட்கார்ந்திருக்கும்.

அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் வேறு பெயர்கள் கிடைக்கின்றன. கவனமில்லாதவன், மந்தம், திமிர். சளிபிடித்து நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். காதில் சீழ் வடிவதை வீட்டில் சாதாரணமாக விட்டிருக்கலாம். பிள்ளைகளின் கேட்புக் குறையில் 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நயினார்கோவிலுக்கு இதில் தனி உரிமையே இருக்கிறது. நாகநாத சுவாமி கோயிலின் தலவரலாற்றில், பேச இயலாத மகளை ஓர் இஸ்லாமியர் இங்கே அழைத்து வருகிறார். தீர்த்தத்தில் நீராடிய பெண் வாய் திறந்து இறைவனை ‘நயினார்’ என்று அழைக்கிறாள். மதம் பார்க்காமல் ஒரு தகப்பனின் தவிப்பைத் தன் மையத்தில் வைத்திருக்கும் கதை அது. பேசாத குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குரல்வளையில் குறை இருப்பதில்லை. காதில் விழாத மொழி நாவில் வருவதில்லை; பலரிடம் காரணம் அதுதான். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்குக் கருவி பொருத்திப் பேசப் பயிற்சி தந்து, பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பிவருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 6 வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்குக் காக்ளியாவுக்குள் கருவி பொருத்தும் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வயது வரம்புக்குக் காரணம் உண்டு: மூளை மொழியை எளிதாக வாங்கும் காலம் ஆரம்ப ஆண்டுகள்தான். நடுநிலைப் பள்ளிப் பிள்ளை அந்த வயதைத் தாண்டியிருக்கலாம். அதன் வீட்டில் இருக்கும் தம்பி தங்கை தாண்டியிருக்க மாட்டார்கள். பள்ளியில் படித்த பாடம் வீட்டுத் தொட்டிலுக்கும் போய்ச் சேரும்.

ஒலிப் பாடத்தின் கடைசி வகுப்பில் ஒரு சோதனை செய்யலாம். பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரியட்டும். ஒருவர் ஒரு காதைப் பொத்திக்கொள்ள, கை நீட்டும் தூரத்தில் பின்னால் நிற்பவர் மூன்று எண்களைக் கிசுகிசுக்கட்டும். பிறகு அடுத்த காது. எல்லோரும் செய்வதால் யாருக்கும் கூச்சமில்லை. எண்களைத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிற பிள்ளை முன் பெஞ்சுக்கு வர வேண்டும். ஆசிரியரும் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் முகம் தெரியத் திரும்பிப் பேச வேண்டும். இது நோயைக் கண்டறியும் பரிசோதனை அன்று. அது காது மருத்துவரின் வேலை. ஒன்றியந்தோறும் இருக்கும் வட்டார வள மையங்கள் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகின்றன. காதொலிக் கருவிக்கு அங்கே பரிந்துரை கிடைக்கும். முகாமுக்கு முந்திய வாரமே ஒலிப் பாடத்தை நடத்தி முடித்துவிட்டால், யார் யாரை அழைத்துப் போக வேண்டும் என்ற பட்டியல் அறிவியல் ஆசிரியர் கையில் தயாராக இருக்கும்.