என் வீட்டு மடுவம்

2023இல் ஒரு கம்பளித் தொப்பி பின்னித் தர நான் கொடுத்த கூலி 200 ரூபாய். அதே தொப்பி ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் 1,500 ரூபாய்க்குப் போனது. நூலுக்கு 500, கடைக்காரரின் பங்கு, பஸ், உறை என்று இன்னொரு 400 போனாலும், பின்னியவருக்குக் கிடைத்ததைப்போல இரண்டு மடங்கு என் கையில் நின்றது. வியாபாரமென்றால் அப்படித்தானே என்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்தது இந்த 400 ரூபாயை மட்டுமல்ல. இதைவிடக் கேவலமான ஒன்று பின்னால் வருகிறது.

என் அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். காலை, பகல், அந்தி என்று மூன்று நேரமும் மடுவத்தில் நிறுப்பார்கள். ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று ஒன்றோ இரண்டோ கிலோ கழித்துத்தான் எழுதுவார்கள். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. போன கிலோவை நினைத்து முணுமுணுத்துக்கொண்டேதான் அம்மா ராத்திரி ரொட்டி தட்டுவார். ஆகவே கழிவு என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் தப்பிக்கவும் முடியாது.

பின்னல் வேலை பள்ளிக்கூடத்து மனையியல் பாடத்தில் கற்றது. பிறகு டவுனில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே, கிடைத்த நேரத்தில் சின்னச் சின்னச் சாமான் செய்தேன். பருத்திக் கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பூச்சாடி தொங்கவிடும் மேக்ரமே, மணி கோத்த கைச்சங்கிலி, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பச்சை நூலில் பின்னிய கீ டேக். கீ டேக் நன்றாக ஓடியது. ஆனாலும் காசு பார்த்தது தொப்பியில்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் விடியற்காலைத் தேயிலை மேல் உறைபனி விழும். கொழும்பிலிருந்து மெல்லிய சட்டையோடு வந்து இறங்குகிறவர்கள் முதல் வேலையாகத் தலைக்கு எதையாவது தேடுவார்கள். ஹட்டன் பக்கம் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். நல்லதண்ணியிலிருந்து ராத்திரி முழுக்க ஏறி உச்சியில் விடியலைப் பார்க்கிறவர்களுக்குத் தொப்பி இல்லாமல் முடியாது.

மெஷினில் பின்னிய தொப்பியும், ஆடைத் தொழிற்சாலைகளில் கழித்த ஜெர்சியும் நுவரெலியாக் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். குரோஷே மட்டும் மெஷினுக்குப் பிடிபடாதது. அதில் ஒவ்வொரு கண்ணியும் முந்திய கண்ணிக்குள் போய்த் திரும்பி, தன்னை முடித்துக்கொண்டுதான் அடுத்ததற்கு நகரும். அதை அப்படியே செய்கிற மெஷின் இன்னும் ஆலைகளுக்கு வரவில்லை. ஆகவே உலகத்தில் எங்கே குரோஷே தொப்பி மலிவாகக் கிடைத்தாலும் அந்த மலிவு யாரோ ஒருவரின் கூலியில் கைவைத்து வந்ததுதான். வாங்க வருகிறவர்களிடம் நான் இதைப் பெருமையாகச் சொல்வேன். மெஷினைப் பற்றிய முதல் பாதியை மட்டும்.

2022 மார்ச்சில் 200 ரூபாயிலிருந்து கிளம்பிய டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. நூல் வெளிநாட்டிலிருந்து வருவது. அதன் விலையும் கூடவே ஏறியது. ஏறியதை வாங்குகிறவர் தலையில் வைக்கப் பயம். என் தலையில் வைத்துக்கொள்ள மனமில்லை. மிச்சமிருந்தது யார் தலை என்று சொல்ல வேண்டியதில்லை. தனியாகப் பின்னி மாளாத அளவுக்கு ஓடர் வந்தபோது, பஸ்ஸில் போய் வருகிற தூரத்திலிருந்த தோட்டமொன்றின் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போனேன். நான் வளர்ந்த தோட்டம் அல்ல. தெரிந்த முகங்கள் இருந்தால் கூலி பேசக் கூச்சமாயிருக்கும் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அங்கே என்னை எல்லோரும் டீச்சர் என்றார்கள். என் அம்மாவைப் போன்றவர்கள், என் அக்கா வயதுக்காரர்கள். வேண்டாமென்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. இஸ்தோப்பில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஊசியை நான் கொடுத்து, அதன் விலை 150 ரூபாயை முதல் கூலியில் கழித்துக்கொண்டேன். நூல் பந்தைக் கொடுத்து அனுப்பி, வீணாய்ப் போன நூலுக்கும் காசு பிடித்தேன். வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய எங்கள் ஆட்களுக்குத் தோட்டம் அரிசியையும் குளிருக்கு ஒரு கம்பளியையும் முன்கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கடனை எழுதிய துண்டோடுதான் ஆளை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருஷம் கழித்து நான் கம்பளி நூலைக் கொடுத்துக் கூலியில் பிடித்தேன். அப்போது எனக்கு இது உறைக்கவேயில்லை. சரித்திரத்தில் நல்ல மார்க் எடுத்தவள்தான்.

முதல் கூலியைக் கையில் கொடுத்தபோது, லயத்தின் கடைசியிலிருந்த தொங்கல் வீட்டு அக்கா கேட்டார்: "இது கைக்காசா டீச்சர்?" ஞாயிற்றுக்கிழமைகளில் பேர் இல்லாமல், எடுத்த கிலோவுக்கு மட்டும் கொடுக்கிற காசைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். "ஆமாக்கா, கைக்காசுதான். சும்மா இருக்கிற நேரத்துல செய்றதுதானே" என்றேன்.

சும்மா இருக்கிற நேரம். அந்த அக்கா விடிய முன்னர் எழும்பி, பிள்ளைகளுக்குச் சமைத்து வைத்து மலைக்குப் போகிறவர். அந்திக் கொழுந்து நிறுத்து, விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து முடித்து உட்காரும்போது எட்டு மணி தாண்டிவிடும். அதற்குப் பிறகு பத்தரை வரை, ஒரு பல்பு வெளிச்சத்தில், என் தொப்பி. உச்சியில் ஒரு வளையம், அதற்குள் 12 கண்ணி. அடுத்த சுற்றில் 24, அதற்கடுத்து 36, 48. தலையின் வட்டம் வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டால் பின்னல் தானாகக் கீழே இறங்கும். எண்ணிக்கை தப்பினால் விளிம்பு சுருண்டுகொள்ளும். இந்த அக்கா எண்ணிக்கையைத் தாளில் எழுதுவதில்லை; சுற்றுக்கு ஒரு தீக்குச்சியாக மடியில் அடுக்கிக்கொள்வார். என்னைவிட ஒழுங்காகப் பின்னினார் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவருடைய கண்ணிகள் ஒரே இறுக்கமாக இருக்கும். என்னுடையது கோபம் வந்தால் இறுகும்.

கஷ்டம் விரலில் இருந்தது. வருஷக்கணக்காகக் கொழுந்து கிள்ளிக் கறை ஏறி வெடித்த விரல்கள் அவை. வெடிப்பின் ஓரத்தில் நூல் சிக்கிப் பிசிறடிக்கும். மலையில் விரலுக்கு மாட்டுகிற, கையுறையிலிருந்து வெட்டிய ரப்பர் உறையைப் பின்னும்போதும் அவர் ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டார். அப்படியும் வெளிர் நிற நூலில் லேசாகக் கறை படும். அந்தத் தொப்பிகளை நான் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து, புருவத்தைச் சுருக்கி, "இது சரிவராதுக்கா" என்று ஒதுக்கினேன். ஒதுக்கினதற்குக் கூலி இல்லை.

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு தொப்பிக்கு ஐந்து மணி நேரம் பிடிக்கும். 200 ரூபாய் என்றால் மணிக்கு 40. தோட்டத்தில் 2021 மார்ச்சிலிருந்து அப்போதைய நாட்கூலி 1,000. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 125. தோட்டம் கொடுத்ததில் மூன்றிலொரு பங்குகூட நான் கொடுக்கவில்லை. அந்த ஆயிரத்துக்காக 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்புடை அணிந்து மலையக இளைஞர்கள் திரண்டார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். தொண்டை கட்டக் கத்தினேன். பேஸ்புக்கில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

அதே பேஸ்புக்கில் இன்னொரு படமும் போட்டேன். இப்போதெல்லாம் மூங்கில் கூடை அருகிவிட்டது. பலரும் நைலோன் பையில்தான் கொழுந்தெடுக்கிறார்கள். படத்துக்கு அது எடுபடாதென்று எங்கேயோ கிடந்த பழைய கூடையொன்றைத் தேடிப் பிடித்து, அக்காவின் தலையில் கயிற்றை மாட்டி, கையில் குரோஷே ஊசியைக் கொடுத்து நிற்கவைத்தேன். கூடையைச் சுமந்துகொண்டு உலகத்தில் யாரும் தொப்பி பின்னுவதில்லை. "மலையகப் பெண்களின் வாழ்வை உயர்த்தும் கைவினை" என்று கீழே எழுதினேன். அந்த வருஷம் வந்த ஓடர்களில் பாதி அந்தப் படத்தால் வந்தது. படத்துக்கு அவருக்கு ஒரு பிஸ்கட் பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

'சும்மா இருக்கிற நேரம்' என்ற என் பேச்சு புதிதல்ல. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திராவின் நரசாப்பூரில் குரோஷே லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய புத்தகம் 1982இல் வந்தது. அந்த வேலையை அங்கே கொண்டுவந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரிகள். பிறகு வியாபாரிகள் நூலைக் கொடுத்து லேஸை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். நாள் முழுக்கப் பின்னுகிற அந்தப் பெண்களைக் குடும்பப் பெண்கள் என்றும், அவர்கள் செய்வது ஓய்வுநேர வேலை என்றும் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிச் சொன்னால்தான் கூலியை அடிமட்டத்தில் வைக்க முடிந்தது. இதைப் பின்னர் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த வியாபாரிகள் மேல்தான் வந்தது. என் பக்கம் திரும்ப இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவும் தானாகத் திரும்பவில்லை.

இப்போது அந்தக் கேவலத்துக்கு வருகிறேன். கறை பட்டது, விளிம்பு சுருண்டது என்று கூலி கொடுக்காமல் ஒதுக்கினேனே, அந்தத் தொப்பிகளை நான் பிரித்து நூலாக்கவில்லை. திருப்பியும் கொடுக்கவில்லை. சீசனில் நல்லதண்ணியில் கடை போடுகிற ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்தேன். அவர் ஒன்றை 750க்கு விற்றார். ராத்திரி லைட் வெளிச்சத்தில் கறை தெரியாது.

2023 கடைசியில் சீசன் தொடங்கியதும் தொங்கல் வீட்டு அக்கா குடும்பத்தோடு சிவனொளிபாதமலை ஏறினார். அந்த வழியில் இந்திகட்டுபான என்று ஓரிடம் உண்டு. புத்தர் அங்கே உட்கார்ந்து தன் அங்கியைத் தைத்தாரென்பது சிங்கள மக்களின் நம்பிக்கை. முதல் தடவை ஏறுகிறவர்கள் அங்கே ஊசியும் நூலும் வைத்து வணங்கி, அங்கிருந்து நூலை அவிழ்த்துக்கொண்டே மேலே போவார்கள். அந்த நூலுருண்டைகளைக் கீழே கடைகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். கடைசிப் பிள்ளை அதை வேடிக்கை பார்க்க நின்ற இடத்தில், மேலே கம்பியில் அக்காவின் தொப்பி தொங்கியிருக்கிறது.

அடுத்த முறை நான் நூலோடு போனபோது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். "நம்ம தொப்பி அங்க தொங்குச்சு டீச்சர்."

"அது வேற யாராச்சும் பின்னுனதா இருக்கும்க்கா" என்றேன். வாய் கூசாமல் வந்தது. இதையெல்லாம் எழுதத் துணிந்த எனக்கு அந்த ஒரு வரியை எழுதத்தான் வெகுநேரம் கை வரவில்லை.

"என் முடிச்சு எனக்குத் தெரியாதா?" என்றார். கடைசிக் கண்ணியை இரண்டு தரம் சுற்றி உள்பக்கமாக இழுத்து முடிவது அவர் பழக்கம். நான் சொல்லிக்கொடுத்தது அப்படியல்ல.

சத்தம் போடவில்லை, வையவில்லை. பாதியில் கிடந்த தொப்பியையும் மிச்ச நூலையும் ஒரு பையில் போட்டு, ஊசியையும் எடுத்தார். பிறகு ஊசியை மட்டும் திரும்ப வைத்துக்கொண்டார். "இதுக்குக் காசு புடிச்சிட்டீங்க." மற்றவர்களும் அந்த வாரமே நிறுத்திவிட்டார்கள். அவர்களில் நல்ல கைக்காரியான ஒரு பிள்ளை கொழும்புக்குக் கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாள்.

என் பக்கத்து நியாயங்களை எல்லாம் பிறகு எடுத்துப் பார்த்தேன். நானும் ஏழைதான், எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது, நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த 200ம் கிடைத்திராது. எல்லாம் உண்மை. இதையேதான் துரைமாரும் ஒவ்வொரு சம்பளப் பேச்சுவார்த்தையிலும் சொன்னார்கள்: தேயிலை விலை விழுந்துவிட்டது, தோட்டம் இல்லாவிட்டால் உங்களுக்கு வேலை ஏது.

2024 செப்டெம்பரில் தோட்டக் கூலி 1,350 ஆனது. எட்டால் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 844 ரூபாய். தொப்பிக்கு 850 என்று வைத்தேன். ஊசியும் நூலும் என் செலவு; பின்னியது எப்படி இருந்தாலும் கூலி உண்டு. விலை 2,200 ஆகிவிட்டதால் வியாபாரம் குறைந்துவிட்டது. இப்போது இரண்டு பேர்தான் பின்னுகிறார்கள், இருவரும் புதியவர்கள். பழையவர்களுக்கு நான் வைத்த பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறேன். கூலி கொடுத்ததெல்லாம் நோட்டில் இருக்கிறது. ஒதுக்கினதை மட்டும் நான் எழுதி வைக்கவில்லை. அதற்கு அவர்கள் சொல்வதுதான் கணக்கு. தொங்கல் வீட்டு அக்காவிடம் கேட்டேன். பதினொன்று என்றார். எனக்கு எட்டாகத்தான் ஞாபகம். பதினொன்று என்றே எழுதினேன், மனமில்லாமல்தான்.