மலை ஒயினும் பிபி மாத்திரையும்

"நந்தி மலை ரெட் ஒயின் ஹார்ட்டுக்கு நல்லதாமே சார்?" ஓபியில் கேட்டார் ஆம்பூர் தோல் ஷாப் தொழிலாளி ஒருத்தர். பிபி 170/100.

ருசிக்குக் காரணம் இருக்குங்க. நம்ம வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சம். நந்தி மலையடிவாரத் தோட்டங்கள் சுமார் 900. காய்ச்சல்ல உடம்பு சக்தியை வேகமா எரிக்கும் இல்லையா? குளிர்ந்த ராத்திரியில் திராட்சைக்கு நேர்மாறு. அதோட மாலிக் அமிலம் அதிகம் எரியாம தங்கும். அந்தப் புளிப்புதான் ஒயினை கனக்க விடாது. இத்தாலியில் எட்னா எரிமலைச் சரிவில், 1000 மீட்டர்கிட்ட விளையுற நெரெல்லோ மஸ்கலேசே திராட்சைக்கும் இதே கதைதான்.

ஆனா எத்தனாலுக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது. பிபியை ஏத்தும்.

"மாத்திரை போடுறீங்களா?"ன்னு கேட்டேன். நிறுத்தி ரெண்டு வாரமாம்.