அந்தத் தாய் கேட்ட கேள்விகள்



பெண்களின் நோயைப்பற்றிக் குருவானவர் எழுதுவதா எனச் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எழுதாமலிருக்க என் மனச்சான்று இடந்தரவில்லை.

எம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், வயது 44. கருப்பையில் தசைக்கட்டி, மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கு. கருப்பையை அகற்றும் அறுவைக்கு முந்தின மாலை நோயில்பூசுதல் பெற வந்தார். செபித்து, "எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்வார், போய்வாம்மா" என அனுப்பிவைத்தேன். அவர் ஏதோ கேட்க வாயெடுத்ததைக் கண்டேன். ஆயினும் திருப்பலிக்கு மணியடித்துவிட்டது.

இரண்டு திங்கள் கழித்து, (அவர் இசைவுடனேயே எழுதுகிறேன்) பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து தேம்பினார். "சாமி, பிள்ளை பெறும் வழியை அடைத்துக்கொண்டது பாவமா? இனி நான் பெண்தானா? இரவெல்லாம் உறக்கமில்லை, உடம்பு தீயாய்க் கொதிக்கிறது. நடிப்பு என்கிறார்கள் வீட்டில்."

முதற்கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். தாயின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ கடுந்தீங்கு நேரும்போது, மலட்டுத்தன்மை விளையினும், கருப்பையை அகற்றுவது முறையே என விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1993-இல் அறிவித்தது. குருமடத்தில் பயின்ற அச்செய்தியை அன்று மாலையே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லாதது என் குற்றமே.

ஏனையவற்றுக்கு, செவிலியராகப் பணியாற்றும் அருட்சகோதரி ஒருவரை அழைத்தேன். கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும். சினைப்பைகளின் சுரப்பு தொடரும். மாதவிலக்கு இயல்பாக நிற்குமுன் இரு சினைப்பைகளையும் எடுத்துவிட்டாலோ, உடற்கொதிப்பும் வியர்வையும் உறக்கமின்மையும் திடீரெனத் தாக்கும், எலும்பும் வலுவிழக்கும். மருத்துவம் உண்டு, மருத்துவரைக் கேட்கவேண்டும்.

சகோதரி மருத்துவச்சீட்டைப் பார்த்தார். சினைப்பைகளும் எடுக்கப்பட்டிருந்தன. அத்தாய்க்கு அது தெரியவே தெரியாது! தாளில் என்ன எழுதியிருக்கிறதென்று யாரும் படித்துச் சொல்லவில்லையாம். கணவர் காட்டிய இடத்தில் கையொப்பமிட்டாராம். "அப்படியானால் இது நடிப்பில்லையே, சிஸ்டர்?" என மும்முறை கேட்டார். அப்போதுதான் அவர் அழுகை நின்றது.

மருந்தால் தீருமா, சினைப்பைகளை விட்டுவைக்க இயலுமா, எத்தனை நாள் ஓய்வு? இவற்றைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதன்று. தேவையற்ற அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கைக்கொள்ளவேண்டுமென 2023-இல் உச்ச நீதிமன்றமே பணித்துள்ளது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் பாரந்தூக்கலாகாது. கணவன்மாரே, தண்ணீர்க்குடம் உங்கள் பொறுப்பு.

வரும் மாதம் முதல் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப்பின் அச்சகோதரி எம் பங்கு மண்டபத்தில் பேசுவார். ஆண்களும் வரலாம், கூச்சமுள்ளோர் பின்வரிசையில் நின்றாவது கேட்கட்டும். நானும் அங்கேதான் நிற்பேன்.